இணைப் பேராசிரியராகப் பதினோராம் ஆண்டு

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் அறிமுகத்துக்காக என் அறைக்கு வந்தார். சிறிது நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "சார், உங்கள் ஆய்வு இப்போது எதில் போய்க்கொண்டிருக்கிறது?" என்று கேட்டார். ஒரு பேராசிரியரிடம் இன்னொருவர் கேட்பதற்கு இதைவிட இயல்பான கேள்வி இருக்க முடியாது. நானோ பாடத்திட்டத் திருத்தக் குழுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, தரமதிப்பீட்டுக் குழுவின் வருகைக்காகத் தொகுத்துவரும் அறிக்கைக்குத் தாவி, தேர்வுப் பிரிவோடு மதிப்பெண் பதிவேற்றம் தொடர்பாக நடந்துகொண்டிருந்த கடிதப் போக்குவரத்தில் வந்து நின்றேன். அவர் மரியாதையாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று என்பது அவர் விடைபெற்றுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கணினியில் பாதியில் விட்டிருந்த கட்டுரையின் கோப்பைத் தேடி எடுத்தேன். கடைசியாக அதைத் திறந்து பத்தொன்பது மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டாம் பகுதியின் நடுவில் "ஆனால் இந்த வேறுபாட்டுக்கு உண்மையான காரணம்" என்பதோடு ஒரு வாக்கியம் நின்றிருந்தது. அந்தக் காரணம் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஒன்றுமே எழுதாத அந்தப் பத்தொன்பது மாதங்களிலும் என்னுடைய எச்-இன்டெக்ஸ், அதாவது ஒருவருடைய கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவுகோல், ஏறிக்கொண்டுதான் இருந்தது. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அந்த எண்ணின் இயல்பு அப்படி. பழைய கட்டுரைகளை யாராவது மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கும் வரை அது உயரும். எழுதியவர் பேனாவையே தொடாமல் இருந்தாலும் ஒருநாளும் இறங்காது. ஆண்டறிக்கையில் அந்த எண்ணைப் பார்க்கும் நிர்வாகத்துக்கு நான் நலமாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். எனக்கே அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

இதை என் சோம்பலின் கதை என்றும், வயது நாற்பத்தைந்தைத் தாண்டினால் எல்லோருக்கும் வருகிற சலிப்பு என்றும் வெகுகாலம் நம்பியிருந்தேன். வேலையில் மனநிறைவு என்பது வயதோடு முதலில் இறங்கிப் பின்னர் ஏறும் என்பதை, பிரிட்டனின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளைக் கொண்டு கிளார்க், ஆஸ்வால்ட், வார் ஆகிய மூவரும் 1996-இல் காட்டியிருக்கிறார்கள். அந்த வளைவைப் படித்தபோது ஒருவித ஆறுதல்கூடக் கிடைத்தது. ஆனால் பல்கலைக்கழக ஆசிரியர்களைப் பொறுத்தவரை வயது மட்டுமே இதை விளக்கிவிடாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கிவரும் 'கோச்' என்ற ஆய்வுக் கூட்டமைப்பு பல நிறுவனங்களில் ஆசிரியர்களிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டுவருகிறது. பணி நிலைக்குமா என்ற அச்சத்தோடு இருக்கும் உதவிப் பேராசிரியர்களையும், எல்லாம் கிடைத்துவிட்ட பேராசிரியர்களையும்விட, இடையில் இருக்கும் இணைப் பேராசிரியர்களே பல கூறுகளில் மனக்குறையோடு இருக்கிறார்கள் என்பது அதில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. அப்படியானால் குறை ஆளிடம் மட்டும் இல்லை. அந்தப் படிக்கட்டிலேயே ஏதோ இருக்கிறது.

முதல் ஏழெட்டு ஆண்டுகளில் நம் எல்லோர் தலைக்கு மேலும் ஒரு கடிகாரம் ஓடியது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் கல்லூரிகளின் சங்கத்தோடு சேர்ந்து 1940-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, தகுதிகாண் பருவம் 7 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று வகுத்தது. அதே அளவு எல்லா நாடுகளிலும் இல்லையென்றாலும், 'இந்தத் தேதிக்குள் இவ்வளவு செய்து காட்டு' என்ற ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் எங்கும் உண்டு. கொடுமையான கடிகாரம்தான், அதன் கீழே பலர் உடல்நலத்தை இழந்திருக்கிறார்கள். ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவகைக் காவலும் இருந்தது. "அவரை விட்டுவிடுங்கள், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, கட்டுரை எழுதட்டும்" என்று துறைத் தலைவரே குழுப் பணிகளிலிருந்து நம்மை விலக்கி வைப்பார். நிரந்தர ஆணை கைக்கு வந்த அன்று கடிகாரம் நின்றுவிடுகிறது. காவலும் அன்றோடு போய்விடுகிறது என்பதை மட்டும் அந்த ஆணையில் யாரும் எழுதுவதில்லை. (பிரிட்டனில் 1988-இன் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இதிலும் ஒரு படி மேலே போனது. 1987 நவம்பர் 20 முதல் புதிதாக நியமிக்கப்பட்டவர்களோடு, அந்தத் தேதிக்குப் பின் பதவி உயர்வு பெற்றவர்களும் பழைய பணிப் பாதுகாப்பை இழந்தார்கள். பதவி உயர்ந்ததும் காவல் போவதைச் சட்டமாகவே எழுதிவைத்த இடம் எனக்குத் தெரிந்து அதுதான்.)

அடுத்த படியான பேராசிரியர் பதவிக்குக் கடிகாரமே கிடையாது. எப்போது விண்ணப்பிக்கலாம், எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்டால், "நீங்கள் தயாராக இருக்கும்போது" என்பார்கள். அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் 2009-இல் வெளியிட்ட அறிக்கைக்கு 'அசையாமல் நிற்றல்' என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தது. ஆங்கிலத் துறைகளிலும் பிற மொழித் துறைகளிலும் இணைப் பேராசிரியரிலிருந்து பேராசிரியராவதற்குப் பெண்கள் ஆண்களைவிட, நிறுவனத்தின் வகையைப் பொறுத்து, ஓராண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்று அது கணக்கிட்டது. காலக்கெடு இல்லாத இடத்தில் காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை.

இனி, கடிகாரம் நின்ற பிறகு நேரம் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். அது மொத்தமாகப் போவதில்லை. துறைத் தலைவர் ஒரு கோப்போடு வந்து, உள்ளே வராமல் கதவோரத்தில் நின்றபடியே, "இது உங்களுக்குத்தான் சார் தெரியும்" என்பார். எனக்குத் தெரிந்த வரையில், ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவருடைய பத்தாண்டுகளைக் கரைத்துவிடக்கூடிய வாக்கியம் இதுதான். அதில் பாராட்டு இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது, கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மறுத்துச் சொல்லவே முடியாத வகையில் அமைந்தது அது. சென்ற முறை தரமதிப்பீட்டு அறிக்கையை நான் தொகுத்தேன், அதனால் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதால் இந்த முறையும் நானே தொகுக்கிறேன். இரண்டு முறை தொகுத்தவனுக்கு மூன்றாம் முறை மறுப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? புதியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. மூத்த பேராசிரியர்களிடம் கேட்கத் துறைத் தலைவருக்கே தயக்கம். எஞ்சியிருப்பது நடுவில் இருப்பவர்கள்.

வேலை கூடுதல் என்பதுகூட மனத்தை அவ்வளவு அரிப்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வு செய்த நாட்களில் இதைவிட அதிக நேரம் உழைத்திருக்கிறேன், சோர்ந்ததாக நினைவில்லை. இந்த வேலைகள் முடிந்த பின் எங்குமே தடம் விடுவதில்லை என்பதுதான் அரிக்கிறது. நூற்றிருபது பக்க அறிக்கையில் என் பெயர் இராது, அதை யாரும் மேற்கோள் காட்டப்போவதில்லை, அடுத்த சுற்றில் படிவத்தின் வடிவமே மாறியிருக்கும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் 'பிற பணிகள்' என்ற நான்கு வரிக் கட்டத்தில் அது ஒரு வரி. நன்றாகச் செய்தாலும் ஒன்றுமில்லை. தப்பாகச் செய்தால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

இந்தப் புலம்பலை நான் அதிகம் கொட்டியது அடுத்த அறையில் இருக்கும் சக ஆசிரியையிடம். நானும் அவரும் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள், ஒரே ஆண்டில் இணைப் பேராசிரியர் ஆனவர்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாரோ என்னவோ, ஒருநாள், "சொல்லிக்கொண்டே இருப்பதைவிட ஒரு பருவம் முழுக்க எழுதிப் பார்ப்போமே, நீங்களும் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்" என்றார். ஆளுக்கொரு நோட்டு வாங்கினோம். ஒவ்வொரு நாளும் மாலையில் வீட்டுக்குக் கிளம்புமுன் அன்றைய நேரம் எதில் போனது என்று அரைமணிக் கணக்கில் குறித்துவந்தோம். என் நோட்டில் அலுவலகப் பணிகளின் பத்தி எவ்வளவு நீளும் என்பதை அவரிடம் காட்டப்போகிறேன் என்ற எதிர்பார்ப்பில்தான், உண்மையைச் சொன்னால், அவ்வளவு ஒழுங்காக எழுதினேன்.

பருவ இறுதியில் இரண்டு நோட்டுகளையும் மேசையில் அருகருகே விரித்தோம். குழுப் பணிகளில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவருடைய நோட்டில், என்னுடையதில் இல்லவே இல்லாத ஒரு பத்தி இருந்தது. 'மாணவர் பேச்சு' என்று தலைப்பிட்டிருந்தார். அதன் கீழே சிறு எழுத்தில்: 'தந்தை இறந்தார், தேர்வு எழுத மாட்டேன் என்கிறாள் — ஒன்றரை மணி.' 'நெறியாளர் மூன்று மாதமாக அத்தியாயத்தைப் படிக்கவில்லை — ஒரு மணி.' 'விடுதியில் தகராறு, அழுதான் — அரை மணி, மறுபடி மாலை முக்கால் மணி.' பக்கம் பக்கமாக இருந்தது. அந்த மாணவர்களில் பாதிப்பேர் என் வகுப்பிலும் இருப்பவர்கள். என் கதவை ஒருவர்கூடத் தட்டவில்லை. தட்டியிருந்தால் விரட்டியிருக்க மாட்டேன்; ஆனால் தட்டத் தோன்றாதபடிதான் நான் பதினெட்டு ஆண்டுகள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன் போலும். ஆய்வுக்கென்று இருந்த பத்தியைக் கூட்டிப் பார்த்தபோது, அரிதென்று நான் அழுதுகொண்டிருந்த என்னுடைய மணிக்கணக்கு அவருடையதைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை மூடிவைத்தார். நான் அன்று கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன்.

எங்கள் இரண்டு நோட்டுகளும் விதிவிலக்கு இல்லை என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜோயா மிஸ்ராவும் அவருடைய குழுவினரும் இதே கணக்கை முறையாக எடுத்து 2011-இல் வெளியிட்டார்கள். மொத்த வேலைநேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், ஆண் இணைப் பேராசிரியர்கள் தங்கள் நேரத்தில் 37 விழுக்காட்டை ஆய்வுக்குச் செலவிட்டார்கள், பெண்களுக்குக் கிடைத்தது 25 விழுக்காடு. குழு, நிர்வாகப் பணிகளில் அது தலைகீழாகி ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 27. வாரக் கணக்கில் பார்த்தால் ஆய்வில் மட்டும் ஏழரை மணி நேர வித்தியாசம்.

பெண்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள், மறுத்துவிட வேண்டியதுதானே என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள்; எங்கள் துறைக் கூட்டத்திலும் கேட்டார்கள். லிண்டா பாப்காக், லிஸ் வெஸ்டர்லண்ட் உள்ளிட்ட நால்வர் 2017-இல் வெளியிட்ட ஒரு சோதனையை இதற்கு விடையாகச் சொல்வேன். மூன்று மூன்று பேராகப் பிரித்துக் கணினி முன் உட்காரவைத்தார்கள். இரண்டு நிமிடங்களுக்குள் மூவரில் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் அழுத்தாவிட்டால் ஆளுக்கு ஒரு டாலர். அழுத்தினால் அழுத்தியவருக்கு ஒன்றேகால் டாலர், மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு டாலர். துறைக் கூட்டத்தில் "இதை யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேள்வி விழுந்ததும் எல்லோரும் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்க்கும் அந்த நீண்ட மௌனத்தை இவ்வளவு கச்சிதமாக வேறு யாரும் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்ததாக நான் அறியேன். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். ஆனால் ஆண்கள் மட்டும் இருந்த குழுவிலும் பெண்கள் மட்டும் இருந்த குழுவிலும் பொத்தான் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் அழுத்தப்பட்டது. அதாவது, பெண்களுக்கு அழுத்தப் பிடிக்கும் என்பதில்லை. 'அவர் எப்படியும் செய்துவிடுவார்' என்று அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்கும் தெரிந்திருக்கிறது. "இது உங்களுக்குத்தான் தெரியும்" என்பதன் இன்னொரு வடிவம்.

இதனால்தான், நடுப்பணிக் காலச் சோர்வுக்கு மருந்தாக நிறுவனங்கள் நடத்தும் மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்குகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. எங்கள் நிறுவனத்திலும் ஒன்று நடந்தது. வாரத்தில் எனக்கு வகுப்பில்லாத ஒரே பிற்பகலில் வைத்தார்கள். வந்திருந்த பயிற்றுநர் நல்ல மனிதர்; மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், 'இல்லை' என்று சொல்லப் பழகுங்கள் என்றார். முடிவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கருத்துப் படிவம் நிரப்பினோம். அந்தக் கருத்துப் படிவங்களைத் தொகுத்து அறிக்கை தரும் பொறுப்பு மறுநாள் என்னிடம் வந்தது. பயிற்றுநர் சொன்னபடி 'இல்லை' என்றிருக்கலாம்தான். நான் மறுக்கும் கோப்பு காற்றில் கரைந்துவிடாது, நான்கடி நடந்து அடுத்த அறைக்குத்தான் போகும் என்பது நோட்டுகளைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்திருந்தது. தனிமனிதன் மறுக்கப் பழகுவதால் வேலை குறைவதில்லை, இடம்தான் மாறுகிறது.

நோட்டுகளைத் துறைத் தலைவரிடம் காட்டலாம் என்று சொன்னதும் அடுத்த அறைக்காரர்தான். ஆள்பெயர் இல்லாமல், எல்லோருடைய பணிகளையும் ஒரே அட்டவணையில் போடலாம். வகுப்புகள், நெறியாள்கை, குழுக்கள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் அதில் வரட்டும் என்றார். இதற்கும் முன்னோடி இருந்தது. கெரிஆன் ஓமியாராவும் அவருடைய குழுவினரும் துறைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் மட்டும் இப்படிப்பட்ட வெளிப்படையான பணிப்பட்டியலையும் சுழற்சி முறையையும் கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். அந்தத் துறைகளில் பணிப்பகிர்வு குறித்த அதிருப்தி குறைந்தது என்று 2018-இல் எழுதியிருக்கிறார்கள். துறைத் தலைவர் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு, "போட்டுத்தான் பார்ப்போம், சண்டை வந்தால் நீங்கள் இருவரும் வந்து நில்லுங்கள்" என்றார்.

சண்டை வந்தது. அட்டவணையைக் கூட்டத்தில் திரையில் போட்டதும் மூத்த பேராசிரியர் ஒருவர், "நாம் என்ன கூலிக்கணக்கு எழுதவா இங்கே வந்தோம்?" என்று கேட்டார். ஆள்பெயர் இல்லையென்று பெயர்தான். ஒவ்வொரு வரியும் யாருடையது என்பது ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குழுப் பணி என்ற இடத்தில் அவருடைய வரி வெறுமையாக இருந்தது. அவர் கோபத்தில் பாதியாவது நியாயம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஒரு மாணவன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதை முக்கால் மணி என்று எழுதுவதில் ஏதோ சிறுமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுதாமல் இருந்த ஆண்டுகளில் அந்தப் பெருமையின் செலவை ஏற்றவர் யார் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். இன்னொருவர், தன் வரி நீளமாக இருந்ததைப் பார்த்து, வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "நான் மெதுவாக வேலை செய்கிறவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. மொத்த வேலை ஒரு மணிகூடக் குறையவில்லை. ஆள் போதாத துறையில் எந்த அட்டவணையும் ஆளைக் கூட்டித் தராது. பதவி உயர்வுப் படிவத்தில் 'பிற பணிகள்' இன்னும் நான்கு வரிதான். என் கட்டுரையின் அந்த அரைகுறை வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை. தரவுகளை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலைகளில் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறேன். புதன்கிழமை பிற்பகலில் திறந்து வைக்கிறேன், அந்த நேரத்தில் மாணவர்கள் என்னிடம் வரலாம் என்று துறைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். முதல் மூன்று வாரங்கள் யாரும் வரவில்லை. நான்காம் வாரம் ஒருவன் வந்து, வாசலில் நின்று, "மேடம் இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இந்தப் பருவத்தில் தரமதிப்பீட்டு அறிக்கை சுழற்சி முறையில், அன்று கூலிக்கணக்கு என்று சீறிய அதே மூத்த பேராசிரியரிடம் போயிற்று. கூட்டத்தில் பெயர் வாசிக்கப்பட்டதும் அவர் நிமிர்ந்து, "எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்றார். அடுத்த அறைக்காரர், "எங்களுக்கும் தெரியாதுதான் சார், செய்துதான் தெரிந்துகொண்டோம்; நாளைக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்" என்றார். மறுநாள் இருவரும் பழைய கோப்புகளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர் மறக்காமல் அட்டவணையில் ஏற்றினார்.